கேம்பில் இருந்துகொண்டே வெளியில் பகுதிநேர வேலை: சொல்லிவிட்டுச் செய்வதா, சொல்லாமல் செய்வதா?

5 ஜூலை 2025, சனி (ஒரு வாசகரின் கேள்வி)

சிங்கப்பூரில் என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) செய்துகொண்டிருக்கிறேன். வயது 19. கிளார்க், ஸ்டே-அவுட். காலை 8 முதல் மாலை 5.30 வரை கேம்ப், அப்புறம் வீடு. அப்பா டாக்சி ஓட்டியவர், முதுகு வலி வந்து ஏப்ரலிலிருந்து வண்டி எடுக்கவில்லை. ராத்திரி சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்யலாம் என்று இருக்கிறேன். கேம்பில் சிலர் சத்தமில்லாமல் செய்கிறார்கள். பிடிபட்டால் என்ன ஆகும்? முன்னாடி யாராவது செய்திருக்கிறீர்களா?

5 ஜூலை, இரவு 11.50

நான் செய்திருக்கிறேன். 2009-இல், ஈசூனில், 24 மணி நேரப் புரோட்டாக் கடையில். கதையை நாளைக்கு எழுதுகிறேன், முதலில் கேட்டதற்குப் பதில்.

தம்பி, நீ இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிவிட்டாய். செய்யலாமா என்பது ஒன்று, மாட்டிக்கொள்வோமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில்: யூனிட்டில் அனுமதி வாங்காமல் கூடாது, வாங்கிவிட்டால் செய்யலாம். வீட்டில் பணக் கஷ்டம் என்று காரணம் காட்டி எழுதிக் கொடுத்தால் பார்த்து முடிவெடுப்பார்கள். இது ரகசியம் ஒன்றுமில்லை. தெக்கோங் தீவில், அடிப்படைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொன்னார்கள். ஹாலில் குளிர்சாதனம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், முந்தின நாள் ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. யார் காதில் வாங்கினார்கள்?

மாட்டினால், சார்ஜ் போடலாம். சிஓ (யூனிட்டின் தலைமை அதிகாரி) முன்னால் நிற்க வைத்து விசாரிப்பார்கள். அபராதம், எக்ஸ்ட்ரா டியூட்டி, லீவு நிறுத்தம் என்று போகும், ரொம்ப மோசமானால் தடுப்புக் காவல் (டிபி). டெலிவரி செய்ததற்காக மட்டும் ஒருத்தன் டிபி போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தச் சனி ஞாயிறில் சம்பாதிக்கப் பார்த்தானோ, அந்தச் சனி ஞாயிறெல்லாம் கேம்ப் கேட்டில் நின்றே போனவனைப் பார்த்திருக்கிறேன்.

6 ஜூலை, காலை 10.15

இப்போது புரோட்டாக் கதை.

2008 டிசம்பரில் சேர்ந்தேன். பயிற்சி முடிந்ததும் ஸ்டோர்மேன் ஆக்கிவிட்டார்கள், ஸ்டே-அவுட். அப்பா அந்த வருடம் வேலை போய் வீட்டில் இருந்தார், அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. பிளாக்குக்குக் கீழே இருந்த புரோட்டாக் கடையில் வெள்ளி, சனி இரவுகளில் ஆள் வேண்டும் என்றார்கள். இரவு 10 முதல் காலை 5 வரை, மணிக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கையில் காசு. மாதம் ஏறத்தாழ 280 வெள்ளி. அப்போது எனக்கு வந்த அலவன்ஸில் பாதிக்கு மேல்.

முதல் மாதம் தட்டுக் கழுவினேன். இரண்டாம் மாதம் மாவு உருட்டினேன். மூன்றாம் மாதம் மாஸ்டர் கல்லுக்கு முன்னால் நிற்க விட்டார். மாவை வீசி எடுப்பதற்கு மணிக்கட்டு மட்டும் போதும், தோள் அசையவே கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது ஐம்பது புரோட்டா கிழிய வேண்டியிருந்தது. கிழிந்ததையெல்லாம் நானே தின்றேன். கேம்பில் எல்லாரும் இளைத்தார்கள், நான் பருத்தேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி 2 மணி இருக்கும். கல்லைத் துடைத்துக்கொண்டே, யார் என்று பார்க்காமல், "என்ன வேணும்" என்று கேட்டேன். "கோசோங் ரெண்டு, தெலூர் ஒன்று" (வெறும் புரோட்டா ரெண்டு, முட்டை போட்டது ஒன்று) என்ற குரலைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. எங்கள் என்சிக், அதாவது யூனிட்டின் வாரண்ட் ஆபீசர். அரைக்கால் சட்டை, சிலிப்பர், கையில் கார்ச் சாவி. என்னைப் பார்த்தார். நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தலையில் வலையோடு நிற்கிறேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்தார். நான் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வட்டமாக வந்த புரோட்டா அதுதான். தின்றார், காசு கொடுத்தார், எழுந்து போகும்போது, "திங்கட்கிழமை 8 மணிக்கு என்னை வந்து பார்" என்றார்.

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் போனால், மேசையில் ஒரு தாளும் பேனாவும் வைத்திருந்தார். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வருமானம், எங்கே வேலை, எத்தனை மணி, எழுது என்றார். எழுதினேன். ஒரு வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. அவ்வளவுதான். அதனால் சொல்கிறேன், தாராளமாகக் கேள், கொடுப்பார்கள்.

6 ஜூலை, மாலை 6.30

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், "ராத்திரி 2 மணிக்கு என்சிக்குக்கு அங்கே என்ன வேலை, அவரும் டாக்சி ஓட்டினாரோ" என்று. சிரித்துவிட்டேன். அவர் வீடு எங்களுக்குப் பின் பிளாக், ஐயா. பசித்தது, வந்தார்.

7 ஜூலை, இரவு 9.20

"அரசாங்கம் அலவன்ஸ் தருகிறதே, அது போதாதா" என்று ஒருவர். 2025 ஜூலை 1 முதல் உயர்த்தியிருக்கிறார்கள், உண்மை. புதிதாகச் சேரும் ரெக்ரூட்டுக்கு அன்று முதல் 790 வெள்ளி. அதற்கு முன் 755, 2023 ஜூலைக்கு முன் 630. வீட்டில் சாப்பாடு, போன் கட்டணம், தங்கச்சி டியூஷன் எல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிற பையனுக்கு 790 போதும், மிச்சம்கூட வரும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அதுதான் நிச்சயமாக வரும் ஒரே காசு என்றால் எப்படிப் போதும்? அது சம்பளம் இல்லை, அலவன்ஸ் என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்கு மத்திய சேமநிதியும் கிடையாது. தொகையை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தொகையை நம்பி இருந்ததில்லை.

இன்னொன்று, வேலை தேடும் முன்னால் யூனிட்டில் பண உதவி இருக்கிறதா என்று கேள். கஷ்டப்படும் குடும்பங்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பதை அப்புறம் எழுதுகிறேன், இன்றைக்கு வேண்டாம்.

9 ஜூலை, மதியம் 1.05

ஒரு திருத்தம். "ஒரு வாரத்தில் அனுமதி வந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். அப்போது என்னோடு ஸ்டோரில் இருந்தவன் படித்துவிட்டு போன் பண்ணித் திட்டினான். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதலில் எழுதிய தாள் திரும்பி வந்தது, அப்பாவின் வேலை நீக்கக் கடிதமும் அம்மாவின் சம்பளச் சீட்டும் இல்லை என்று. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஓசி (கம்பெனிக்குத் தலைமை அதிகாரி) கூப்பிட்டுப் பேசினார். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனி மட்டும், அதுவும் மாலையே தொடங்கி நள்ளிரவோடு முடி, டியூட்டி பட்டியலில் பெயர் வந்தால் டியூட்டிதான் முதலில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 280 வெள்ளி 120 சொச்சமாக ஆனது. நினைவில் கதை எப்படி இனிப்பாகிவிடுகிறது பாருங்கள்.

அந்த ஒரு மாதம் அனுமதி வரும்வரை நிறுத்தினேனா என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். நிறுத்தவில்லை. அதில்தான் அடுத்த கூத்து.

9 ஜூலை, இரவு 10.40

கூத்து இதுதான். அனுமதிக்குக் காத்திருந்த அந்த மாதத்தில் ஒரு ராத்திரி, எண்ணெய் டின்னை நகர்த்தும்போது கல்லில் இடது முன்கை பட்டுவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெந்து வழன்றுவிட்டது. தடம் இன்றைக்கும் இருக்கிறது. கடைக்காரர் பற்பசை தடவினார். யாரும் தடவாதீர்கள், தண்ணீரில் காட்டுங்கள், அதுதான் சரி. திங்கள் காலை கேம்ப் மருத்துவர் கேட்டார், என்ன ஆச்சு. அயர்ன் பாக்ஸ் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "உன் வீட்டு அயர்ன் பாக்ஸ் வட்டமா" என்று கேட்டார்.

எழுதிக்கொண்டார், மருந்து கொடுத்தார், மேலே போகவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கடையில் என் பெயரே எதிலும் இல்லை. கை கொஞ்சம் பெரிதாக வெந்திருந்தால் கடைக்காரர் "இவன் யாரென்றே தெரியாது" என்றிருப்பார், கேம்பில் நான் பொய் சொன்னவன். இரண்டு பக்கமும் ஆள் இல்லை. மாட்டிக்கொள்வது பெரிய விஷயமில்லை தம்பி. அடிபட்ட அன்றைக்கு யார் பொறுப்பு என்பதுதான் விஷயம்.

10 ஜூலை, காலை 7.50

அதற்கு இன்னொரு வால். அனுமதிக் கடிதம் வந்ததும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், இனி என் பெயரைக் கணக்கில் எழுதுங்கள் என்று. அவருக்கு முகம் போன போக்கு! மாதம் 50 வெள்ளிக்கு மேல் கொடுத்தால் முதலாளி தன் பங்குக்குச் சேமநிதி கட்ட வேண்டும். 500-க்குள் இருந்தால் தொழிலாளியிடம் பிடிப்பதில்லை, முதலாளி பங்கு மட்டும்தான். "உன் பட்டாளம் எனக்குச் செலவு வைக்கிறது" என்று ஒரு மாதம் புலம்பினார். ஆனாலும் கட்டினார். அறிக்கை வீட்டுக்கு வந்தபோது அம்மா பிரித்துப் படித்து, யாரோ தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று என்னிடம் கொடுத்தார். அவருக்கு அதுவரை நான் கேம்பில் நைட் டியூட்டி பார்ப்பதாகத்தான் எண்ணம்.

12 ஜூலை, மாலை 4

கேள்வி கேட்ட தம்பிக்கு: டெலிவரி பற்றி நேராக ஒன்றும் சொல்லாமல் என் சொந்தக் கதையாகவே ஓட்டிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

என் காலம் போல் இல்லை இது. 2025 ஜனவரி 1 முதல் இணையத்தளம் வழி வேலை செய்கிறவர்களுக்கான சட்டம் நடப்பில் இருக்கிறது. 1995 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குச் சேமநிதி கட்டாயம். நீ 2006 என்றால் உன் டெலிவரி வருமானத்திலிருந்து தானாகவே பிடிப்பார்கள், நிறுவனமும் கட்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுக் காப்பும் உண்டு. எனக்குக் கிடைக்காதது உனக்குச் சட்டத்திலேயே இருக்கிறது, நல்லதுதான். ஆனால் "சத்தமில்லாமல்" செய்கிற கதை அதோடு முடிந்தது என்றும் வைத்துக்கொள். உன் பெயரில் மாதா மாதம் பதிவு விழுகிறது. அதை யாராவது தேடிப் பார்ப்பார்களா என்றால், நானாக இருந்தால் அந்தச் சூதாட்டம் ஆட மாட்டேன்.

கடன் வாங்கிய அக்கவுன்டில் ஓட்டுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. அண்ணன் பெயரில், மாமா பெயரில் ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். விழுந்தால் காப்பும் மாமாவுக்குத்தான்.

12 ஜூலை, மாலை 4.10

காப்பு என்று எழுதியதை "கைவிலங்கு" என்று புரிந்துகொண்ட நண்பருக்கு: அதுவும் பொருந்தும்.

13 ஜூலை, இரவு 8.30

6-ஆம் தேதி "தாராளமாகக் கேள், கொடுப்பார்கள்" என்று எழுதினேன். வாபஸ் வாங்கவில்லை, ஆனால் சுருக்கிக்கொள்கிறேன். காலாட்படையில் இருந்த என் பள்ளி நண்பனும் அதே வருடம் கேட்டான். வீட்டு நிலைமை என்னைவிட மோசம். மறுத்துவிட்டார்கள். அவன் வாரம் முழுக்க உள்ளே. ஞாயிறு இரவு புக் இன், வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ புக் அவுட், நடுவில் அவுட்ஃபீல்டு (காட்டில் பயிற்சி) வந்தால் அதுவும் தள்ளிப்போகும். மிச்சமிருக்கும் ஒன்றரை நாளில் அவன் தூங்காமல் வேலை செய்துவிட்டு வந்து, திங்கட்கிழமை உண்மையான தோட்டாவோடு ரேஞ்சில் படுத்தால் யாருக்கு ஆபத்து? அன்றைக்கு அநியாயம் என்று கத்தினோம். இப்போது எனக்குப் பிள்ளை இருக்கிறது, அவன் பக்கத்து லேனில் படுத்திருப்பான் என்று நினைத்தால் கத்த முடியவில்லை.

ஆனால் ஒன்று. மறுத்ததோடு விடவில்லை, பண உதவிக்கு எழுதிவிட்டார்கள், அவனுக்குக் கிடைத்தது. கேட்டதால்தான் தெரிந்தது.

டியூஷன் எடுப்பது வேலையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஜேசி (ஜூனியர் காலேஜ்) முடித்துவிட்டு வரும் பையன்களில் பாதிப்பேர் டியூஷன்தான். காசு வாங்கினால் வேலைதான், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழைய ஷூவை விற்பது வேலையா என்றால், எத்தனை ஜோடி ஷூ என்பதைப் பொறுத்து. போன வருடம் ஒரு பையன் 60 ஜோடி "பழைய" ஷூ வைத்திருந்தான்.

19 ஜூலை, காலை 11

தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் ஒருவர், "எங்கள் ஊரில் இப்படிக் கிடையாதே, ராணுவம் என்றால் முழுநேரம்தானே" என்கிறார். உங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் தலைகீழாக. டெரிடோரியல் ஆர்மி. 1948 சட்டம், 1949 அக்டோபர் 9-இல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கி வைத்தார். அதில் அதிகாரியாக விண்ணப்பிக்க 18 முதல் 42 வயது, வெளியில் ஒரு வேலையோ வருமானமோ இருந்தே ஆக வேண்டும். ஆண்டில் ஓரிரு மாதம் சீருடை, மற்ற நாள் வேலை. கோயம்புத்தூரிலேயே 110-ஆவது பட்டாலியன் இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தது. தோனி 2011-இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனதும் இந்த டெரிடோரியல் ஆர்மியில்தான். அவர் பகுதிநேர வேலை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே வேலை இருப்பவனைப் பட்டாளம் கூப்பிடுகிறது. இங்கே பட்டாளத்தில் இருப்பவன் வேலை தேடுகிறான். ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் சொல்லி வைத்தேன்.

20 ஜூலை, இரவு 9.45

ரிசர்விஸ்ட் (சேவை முடிந்த பிறகும் பயிற்சிக்குக் கூப்பிடப்படுகிறவர்கள்) பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஓஆர்டி ஆனதும், அதாவது முழுநேர சேவை முடிந்ததும், தலைகீழ் நாடகம்தான், 40 வயதுவரை (அதிகாரிகளுக்கு 50) ஆண்டுக்கு 40 நாள்வரை கூப்பிடலாம். நான் பத்து வருடச் சுழற்சியை முடித்துவிட்டேன். பகலில் கிடங்கு வேலை, சனி ஞாயிறில் நண்பனின் கேட்டரிங்கில் கை உதவி, இப்படி ஓடிய காலத்தில் ஐசிடி (கேம்பில் ரிசர்விஸ்ட் பயிற்சி) வந்தது. கிடங்குச் சம்பளம் ஒரு காசு குறையவில்லை, கம்பெனி கொடுத்துவிட்டு பாதுகாப்பு அமைச்சிடம் திரும்ப வாங்கிக்கொண்டது. கேட்டரிங் காசு? ரசீது இல்லை, கணக்கு இல்லை, எதைக் காட்டிக் கேட்பது? போனது போனதுதான். புரோட்டாக் கடையில் படித்த பாடத்தை நான் பத்து வருடத்தில் மறந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

26 ஜூலை, பின்னிரவு 1.30

தூக்கம் வரவில்லை, அதனால் பாக்கி வைத்ததை எழுதிவிடுகிறேன். அனுமதியோ பண உதவியோ ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று.

சார்ஜ் போடுவார்கள் என்ற பயத்தால் கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம் இல்லை. வெட்கம். ஸ்டோரில் நாலு பேர் இருந்தோம். ஒருத்தன் அப்பாவுக்குச் சொந்த பிசினஸ், ஒருத்தன் ஓஆர்டி ஆனதும் லண்டன் போகப் போகிறான். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கோப்பில் "தந்தை வேலையில் இல்லை" என்று எழுதி வைக்க எனக்கு மனசு வரவில்லை. என்சிக் தாளைக் கொடுத்தபோதும் "அப்பா தொழில்" என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனா நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கோ போன் பண்ணுவது போல் நின்றார். மறுமுனையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் நம்பரே அழுத்தவில்லை.

எழுதி முடித்துக் கொடுத்தேன். படித்தார். "உங்க புரோட்டாவில் உப்பு கம்மி" என்றார்.

அந்த லண்டன் போன பையன்தான், 9-ஆம் தேதி போன் பண்ணித் திட்டியவன். அவனுக்கு அப்போதே எல்லாம் தெரியுமாம். ஸ்டோரில் நான் கிரவுண்ட்ஷீட் அடுக்கின் மேல் தூங்கிவிடும்போதெல்லாம் என் பங்குக்கும் சேர்த்து அவன் எண்ணியிருக்கிறான். ஜெர்ரிகேன் கணக்கு எனக்கு ஒரு தடவைகூடத் தப்பாமல் போனதற்குக் காரணம் நான் இல்லை. பதினாறு வருடம் கழித்துச் சொல்கிறான், பாவி.

2 ஆகஸ்ட், மாலை 5.15

தம்பி தனியாக எழுதியிருந்தான், இங்கே போடலாம் என்றான். கிளார்க் என்பதால் அவன் விண்ணப்பத்தை அவனே டைப் அடித்து, அவனே பதிவேட்டில் ஏற்றி, ஓசி மேசையில் வைத்தானாம். அப்பாவின் மருத்துவர் கடிதம், டாக்சி திருப்பிக் கொடுத்த ரசீது, அம்மாவின் சம்பளச் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறான். என்னைவிடக் கெட்டிக்காரன், ஒரே தடவையில் உள்ளே போய்விட்டது. வார நாளில் இரவு 9-க்குள் முடிக்க வேண்டும், சனி பகல், ஞாயிறு ஓய்வு, காவல் டியூட்டிக்கு முந்தின நாள் கிடையாது என்று நிபந்தனையோடு, இப்போதைக்கு மூன்று மாதம். அப்புறம் திரும்பப் பார்ப்பார்களாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்கிறான். மழை நாளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு. சைக்கிளுக்கு முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் வாங்கு, முதல் வாரக் காசில் இல்லை, இப்போதே. அனுமதிக் கடிதத்தைப் படம் எடுத்துப் போனில் வை. ஈசூன் பக்கம் வந்தால் சொல். கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். என் வீட்டில் கல் இருக்கிறது. உப்பு சரியாகப் போடுகிறேன்.